பேச்சு நின்ற மலை

பெல்மதுளை
2025 மார்ச் 9

அன்புள்ள ஷாமிளாவுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் நண்பனுக்குச் சுற்றுலாவைப் பற்றி ஒன்று எழுதியதோடு சரி. அதற்கும் டீச்சர் பாதிப் புள்ளிதான் போட்டார். இப்போது வேறு வழி இல்லாமல் எழுதுகிறேன். நீ போனை எடுக்கிறாய் இல்லை. மெசேஜ் போட்டாலும் உனக்குப் போய்ச் சேர்வதாகத் தெரியவில்லை.

அத்தையை அடக்கம் செய்த அன்று உன் அம்மாவின் பாடையைப் பின்பக்கம் நான்தான் பிடித்திருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. கருமாதிக்கு வந்தபோதும் எனக்கு நேரே தேத்தண்ணித் தட்டை நீட்டினாய், முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டாய். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. பிளேன்டி ஆறிப்போய் அப்படியே இருந்தது. நீ பார்த்திருக்கமாட்டாய்.

நடந்தது ஊருக்கே தெரியும். மேல்மலையில் தண்ணி ஓடுகிற கான் ஓரத்து மானாப்புல்லைப் புல்வெட்டி மெசினால் வெட்டிக்கொண்டு போனேன். புல்லுக்குள் குளவிக்கூடு இருந்தது, மெசின் அதில் பட்டுவிட்டது. எனக்குத் தலையில் தொப்பி, முகத்துக்கு வலை, கைநீளச் சட்டை எல்லாம் இருந்தன. கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குதான் இருந்தது. குளவி அத்தையைத்தான் பிடித்தது. லொறியில் ஏற்றும்போதே அத்தைக்குப் பேச்சில்லை.

விதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்லிப் பார்க்கிறேன், என் வாயில் அது நிற்கமாட்டேன் என்கிறது. மெசினை அணைத்த பிறகும் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. சோறு தின்னும்போதும் ஓடுகிறது. நேற்று அம்மா என்னவோ கேட்டாள், நான் பதிலுக்குக் கத்தியிருக்கிறேன் போல. "ஏன்டா கத்துற, நான் பக்கத்துலதானே நிக்கிறேன்" என்று அழுதாள்.

வைகாசிக் கல்யாணத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீ ஒரு வரி எழுதினால் போதும், திட்டியாவது எழுது. தோட்ட விலாசத்துக்குப் போடாதே, ஆபீஸ் பெட்டியில் கிடந்து பத்துக் கை மாறித்தான் வரும். ஆஸிக் நானாவின் கடை விலாசத்துக்குப் போடு. அவர் பத்திரமாக வைத்துத் தருவார்.

இப்படிக்கு
கிருஷாந்த்


அவிசாவளை
2025 மார்ச் 17

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. இதற்கும் பாதிப் புள்ளிதான் போடுவேன். மீதிப் பாதியை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

நான் போனை எடுக்காதது கோபத்தால் மட்டும் இல்லை. அன்றைக்குக் கூடு உடைந்த நேரம் நீங்கள் என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். காது மூடிக்குள்ளே அந்தச் சின்ன இயர்போனைச் சொருகிக்கொண்டு, மெசினையும் ஓட்டிக்கொண்டு. நான் இங்கே தையல் பெக்டரியில், தேத்தண்ணி இடைவேளையில் கராஜ் பக்கம் நின்று, "சத்தமா பேசுங்க, கேக்கல" என்று சிரித்தேன். இப்போது எந்தப் போனைக் காதில் வைத்தாலும் எனக்கு அந்த மெசின்தான் கேட்கிறது. அப்பா எடுத்தால்கூட ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுதான் பேசுகிறேன்.

அம்மாவோடு கொழுந்து எடுக்கிற ரோசம்மா அக்கா எடுத்தபோதும் ஸ்பீக்கரில்தான் போட்டேன். நீங்கள் ஆபீசில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்களாமே? "பொம்பளைங்க மலையில கூச்சல் போட்டதால குளவி கெளம்பிச்சு" என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறதாம். அக்கா அழவில்லை. "ஒங்கம்மா செத்ததுக்கு ஒங்கம்மா வாய்தான் காரணம்னு எழுதிக் குடுத்துட்டான்டி ஒன் மச்சான்" என்றார். மஸீஹா பக்கத்தில் இருந்து கேட்டாள். எங்கள் போர்டிங் அறையில் அவளும் நானும்தான். அவள் எழும்பி வெளியே போய்விட்டாள், எனக்கு வெட்கமாக இருக்கும் என்று.

நீங்கள் ஆம்பிளை, மெசின் பிடிக்கிறவர், உங்களுக்குப் பாதிதான் தெரியும் என்று எழுதுகிறேன். நானும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அம்மாவோடு கொழுந்து எடுத்திருக்கிறேன். மலையில் பெண்கள் ஏன் ஓயாமல் பேசுகிறோம் தெரியுமா? வாய்க் கொழுப்பு என்று தொரைமாரும் நீங்களும் நினைத்துக்கொள்கிறீர்கள். குளவி ஒன்று வேவு பார்க்க வந்தால், முதலில் கண்டவள் பேச்சை நிறுத்துவாள். கத்தமாட்டாள். கத்தினால் குளவி அவள் மேலேயே வரும். அவள் நிறுத்தியதும் பக்கத்து நிரைக்காரி நிறுத்துவாள். அப்படியே கடைசி நிரைவரைக்கும் பேச்சு அணையும். அணைந்ததும் எல்லோரும் தேயிலைக்குள் குந்தி, படங்கால் தலையை மூடிக்கொள்வோம். பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் பயமில்லை என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. முதல் வாரமே பழகிவிட்டது.

அன்றைக்கு அம்மா ஆட்கள் கூச்சல் போடவில்லை. மலையே அடங்கிக் கிடந்தது. உங்கள் மெசினுக்குள் இருந்துகொண்டு உங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா, இல்லையா? ஒரு சொல் எழுதினால் போதும்.

ஷாமிளா


பெல்மதுளை
2025 மார்ச் 23

அன்புள்ள ஷாமிளாவுக்கு,

இருக்கிறது.

ஒரு சொல் போதும் என்றாய். ஆனாலும் இதோடு நிறுத்த முடியவில்லை. நீ கிழித்துப் போட்டாலும் சரி, எழுதிவிடுகிறேன்.

எழுதியது சுப்பவைசர் யோகராஜ். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். இப்படி எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, இது திருடன் பேசுகிற பேச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நேரே ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கையெல்லாம் வீங்கி இருந்தது. யோகராஜ் கேட்டான், "வேலை நேரத்துல போன் பேசுனியா?" என்று. நான் இல்லை என்றேன். அந்த ஒரு 'இல்ல'தான் ஷாமிளா. அதைச் சொல்லிவிட்டால், பிறகு ஏன் கவனிக்கவில்லை என்று கேள்வி வருகிறது. கூட்டை ஏன் பார்க்கவில்லை, பெண்களை ஏன் பார்க்கவில்லை என்று வருகிறது. அவனே சொன்னான், "பொம்பளைங்க சத்தம் போட்டிருப்பாளுக, வேற என்ன. செத்தவங்க திரும்பவா வரப்போறாங்க, கையெழுத்தப் போடு." தொரைக்கும் அதுதான் வசதி. மலையைப் பார்க்காமல் மெசினை அனுப்பியது யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

போன் பேசினேன் என்று சொன்னால், யாரோடு என்று கேட்பார்கள். அம்மா செத்த நேரம் மகள் போனில் கொஞ்சிக்கொண்டிருந்தாள் என்று லயத்து வீடு முழுக்கப் பேசும். உன் பேர் வரக்கூடாது என்றுதான் செய்தேன். இதை நீ நம்பவேண்டும். என் பேரும் வரக்கூடாது என்பதும் அதில் இருந்தது. எது எத்தனை பங்கு என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நீ எப்படியும் கேள்விப்படுவாய். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கொழுந்து எடுக்கும்போது பேசக்கூடாது, பேசினால் அன்றைக்கு அரைப் பேர்தான் போடுவார்களாம், அரைநாள் சம்பளம்தான். சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. என் வாக்குமூலத்தைப் பார்த்துப் போட்ட சட்டம். மலை இப்போது பூட்டின கோயில்போல இருக்கிறது. கொழுந்து ஒடிகிற சத்தம் மட்டும்தான். ரோசம்மா அக்கா என்னைக் கண்டால் காறித் துப்புகிறாள். துப்புவதற்குச் சட்டம் இல்லை போலிருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குப் பயமாக இருக்கிறது. இனிக் குளவி வந்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? சொன்னால் முழுவதையும் சொல்லவேண்டும். வெயில் காலம் முடிந்து மழை பிடித்தால் குளவி அடங்கிவிடும், நோட்டீசையும் மழை கரைத்துவிடும். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமா?

கிருஷாந்த்


அவிசாவளை
2025 மார்ச் 30

மச்சானுக்கு,

பொறுத்தது போதும். நீங்கள் மழைக்குக் காத்திருந்த வாரத்திலேயே குளவி வந்துவிட்டது. ரோசம்மா அக்காவின் மருமகள் ஸ்டெபானி கடைசி நிரையில் நின்றாளாம். இந்தப் பக்கம் இருந்தவர்கள் கண்டு குந்திவிட்டார்கள். அவளுக்குத் தெரியாது. பேச்சே இல்லாத மலையில் எந்தப் பேச்சு நிற்கும், அவள் எதைக் கேட்டுக் குந்துவாள்? கழுத்திலும் கண்ணிமையிலும் கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருக்கிறாள். பிழைத்தது அவள் அதிர்ஷ்டம். நீங்கள் எனக்கு எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

வியாழக்கிழமை எங்கள் பெக்டரியில் கரண்ட் போனது. லைனில் எல்லா மெசினும் ஒரே நேரத்தில் நின்றன. நான் என்ன செய்தேன் தெரியுமா? தைத்துக்கொண்டிருந்த துணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மேசைக்குக் கீழே குந்திவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிங்களச் சுப்பவைசர் நோனா குனிந்து பார்த்து, "மொகத நங்கி, பயத?" என்று கேட்டார். என்ன தங்கச்சி, பயமா என்று. கரண்ட் வந்து எல்லோரும் தைக்கத் தொடங்கிய பிறகும் என்னால் எழும்ப முடியவில்லை. அம்மா அன்றைக்கு அப்படிக் குந்தியே இருந்திருக்கலாம் என்று கீழே இருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் குந்தி இருக்கவில்லை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு கடிதத்திலும் நீங்கள் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் போனில் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள், "ஒங்கம்மா கீழ எழும்பி நின்னு கை காட்டுறாங்க. போன்ல நீதான்னு கண்டுபிடிச்சிட்டாங்க போல." நான் என்ன சொன்னேன்? "நீங்களும் காட்டுங்க, நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றேன். நீங்கள் காட்டினீர்கள்.

சத்தம் போட்டால் ஆபத்து என்று தெரிந்துதான் அம்மா கத்தவில்லை. உங்கள் காதுக்கு எட்டாது என்று தெரிந்துதான் எழும்பி நின்றாள். எல்லோரும் மூடிக்கொண்டு குந்தியிருக்க, அவள் ஒருத்தி மட்டும் நின்றாள். நீங்கள் கை காட்டினீர்கள், காட்டச் சொன்னது நான். அதற்குப் பிறகு உங்கள் குரல் வரவில்லை. மெசின் மட்டும் எங்கேயோ கிடந்து ஓடிக்கொண்டே இருந்தது. நான் போனை வெட்டவில்லை. ஏதோ விளையாட்டு என்று நினைத்து, மணி அடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சாகும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று பின்னேரம்தான் தெரிந்தது. இந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? மஸீஹாவிடம்கூடச் சொல்லவில்லை.

என் பேரைக் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பேர் வேண்டாம். அம்மாவை வாயாடி என்று ஆக்கி, ஸ்டெபானியின் கண்ணை வீங்க வைத்து மிச்சம் பிடித்த பேர் அது. பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். ஆபீசுக்குள் போய் யோகராஜின் காதில் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். போனில் நான்தான் இருந்தேன் என்பதையும் சொல்லுங்கள். அப்பாவிடம் நான் சொல்லவேண்டும், எனக்குத் தைரியம் இல்லை. அதையும் உங்கள் தலையில் கட்டுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஷாமிளா


பெல்மதுளை
2025 ஏப்ரல் 6

ஷாமிளா,

சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில், மலை பிரித்துக் கொடுக்கிற நேரம் முன்னால் போய் நின்றேன். யோகராஜ், "லீவா? ஆபீசுல வந்து கேளு" என்றான். நான் பெண்கள் பக்கம் திரும்பிக்கொண்டேன். "இருளாயி அத்தை ஆளுங்க சத்தம் போடல. நான் போன் பேசிக்கிட்டு மெசின் ஓட்டுனேன். ஷாமிளாவோடதான் பேசுனேன். அத்தை எழும்பி எனக்குக் கை காட்டுனாங்க. வெளையாட்டுன்னு நெனச்சு நானும் கை காட்டுனேன். நான் எழுதிக் குடுத்தது பொய்" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன், நடுவில் நிறுத்தினால் முடிக்கமாட்டேன் என்று பயம்.

சின்னத்தொரைக்குத் தமிழ் அவ்வளவாக விளங்காது. "மொகக்த மெயா கியன்னே?", இவன் என்ன சொல்கிறான் என்று யோகராஜைக் கேட்டார். யோகராஜ் வேறு ஏதாவது சொல்லி மூடிவிடுவான் என்று நானே சிங்களத்தில் இன்னொரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. முதல் தடவை என் காதில் விழாதது எல்லாம் அப்போதுதான் விழுந்தது.

யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரோசம்மா அக்கா கூடையை மாட்டிக்கொண்டு நோட்டீசுக்குக் கிட்டே போனாள். கிழிக்கப் போகிறாள் என்று பார்த்தேன், கிழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் நின்று, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏன்டி, பெல்மதுளையில தேங்கா இப்ப என்ன வெல?" என்று கேட்டாள். யாரோ பதில் சொன்னார்கள். இன்னொருத்தி அது பொய் என்றாள். அப்படியே பேசிக்கொண்டு மலை ஏறினார்கள். சின்னத்தொரை பார்த்துக்கொண்டு நின்றார். நோட்டீசை அடுத்த நாள் எடுத்துவிட்டார்கள்.

மெசினை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். கான் வெட்டுகிறேன். விசாரணை புது வருசத்துக்குப் பிறகு என்றார்கள். வேலை போனாலும் போகட்டும்.

பின்னேரம் மாமாவிடம் போனேன். உன் அப்பாவுக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. வாசலில் நின்றேன். "எப்புடிக் கை காட்டுனா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "எங்கருந்து, எந்தக் கையால, எப்புடிக் காட்டுனா? காட்டு" என்றார். நான் காட்டினேன். "இன்னொருக்காக் காட்டு" என்றார்.

இரண்டாம் தடவை காட்டும்போதுதான் எனக்கே விளங்கியது. அத்தை கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டவில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே கீழே அமுக்கினாள். மெசினை நிறுத்து என்றில்லை, ஓடு என்றும் இல்லை. என்னைக் குந்தச் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கொட்டக்கூடாது என்றுதான் எழும்பியிருக்கிறாள், ஷாமிளா. மாமாவுக்கு அது நான் முதல் தடவை காட்டும்போதே விளங்கியிருக்கவேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று மேல்மலையில் கான் வெட்டப் போனேன். வளைவில் ஏறும்போதே பெண்களின் பேச்சுக் கேட்டது. யாரோ ஒருத்தியின் மாமியாரை வைத்து ஒரே சிரிப்பு. நன்றாக இருந்தது. நான் நிரைக்குக் கிட்டே வந்ததும் பேச்சு நின்றது. ஒருத்தி, அடுத்தவள், அதற்கு அடுத்தவள் என்று கடைசிவரைக்கும் நின்றது. இந்தத் தடவை எனக்குக் கேட்டது. உடனே மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தலையை மூடிக்கொண்டு கானுக்குள் குந்திவிட்டேன். அசையாமல் இருந்தேன். குளவி வரவில்லை. மெல்ல எட்டிப் பார்த்தால், ஒருவரும் குந்தவில்லை. எல்லோரும் நிமிர்ந்து நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தாண்டிப் போன பிறகு திரும்பவும் பேசத் தொடங்கினார்கள். திரும்பி வரும்போதும் அப்படித்தான். தினமும் அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

கிருஷாந்த்


அவிசாவளை
2025 ஏப்ரல் 9

மச்சானுக்கு,

புது வருச லீவு வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. வீட்டில் இந்த வருசம் பலகாரம் இல்லை, பொங்கல் இல்லை. ஆனாலும் வருகிறேன். அப்பா நேற்று எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுத் தள்ளித்தான் நின்றேன். "ஒன் மச்சான் வந்து சொன்னான்" என்றார். வெட்டிவிட்டாரோ என்று கிட்டே போய்ப் பார்த்தேன், வெட்டவில்லை. கடைசியில், "வர்றப்போ வெள்ளனவே வந்துரு" என்று மட்டும் சொன்னார். அது மன்னிப்பா, வேறு எதுவுமா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வரலாம் என்கிறார், அவ்வளவுதான்.

கல்யாணத்தைப் பற்றி என்னிடம் இப்போது கேட்காதீர்கள். சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. உங்களைப் பார்த்தால் எனக்கு அம்மாவின் சாவு நினைவுக்கு வரும். என்னைப் பார்த்தால் உங்களுக்கும் வரும். அதோடு எப்படி ஒரு வீட்டில் இருப்பது என்று யாரைக் கேட்பேன்?

பஸ் ஸ்டாண்டுக்கு வரவேண்டாம். சனிக்கிழமை அரைநாள் வேலை இருக்குமாமே, ரோசம்மா அக்காவைக் கேட்டேன். காலையில் மேல்மலை வளைவில் நில்லுங்கள். நான் அங்கே வருகிறேன், நிரையைத் தாண்டி இரண்டு பேருமாக நடந்து போவோம். அவர்கள் பேச்சை நிறுத்தட்டும். நிறுத்துவார்கள். உங்களுக்கு மட்டும் நிறுத்தி என்னைக் கட்டிப்பிடித்து அழுதால் அதை என்னால் தாங்க முடியாது. என் பங்கும் அதில் இருக்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும்.

பிறகு அம்மா நின்ற இடத்தை எனக்குக் காட்டவேண்டும். நீங்கள் நின்ற இடத்தில் நீங்கள் நில்லுங்கள், நான் அம்மாவின் நிரையில் நிற்கிறேன். அன்றைக்கு நான் எல்லாவற்றையும் கேட்டேன், ஒன்றையும் பார்க்கவில்லை. அப்பாவுக்குக் காட்டியதை அங்கே நின்று எனக்கும் ஒரு தடவை காட்டுங்கள். நீங்கள் கையை அமுக்கும்போது நான் குந்திக்கொள்கிறேன்.

ஷாமிளா